தீபாவளி கழிந்த வயிற்றுக்கு எது நல்லது: பட்டினியா, ஜூஸா, கஞ்சியா, ரசஞ்சோறா?

அதிரசத்துக்குப் பாகு பதம் சரியா என்று பார்க்க ஒன்று, உடைந்து போனது வீணாகக் கூடாதே என்று இன்னொன்று. முந்தின நாள் அடுப்படியிலேயே தொடங்கிவிட்டது. தீபாவளி காலையில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும், மதியம் பிரியாணி, சாயங்காலம் எதிர்வீட்டுத் தட்டில் வந்த மிக்சரும் மைசூர்பாகும். மறுநாள் நோன்பு எடுத்த வீட்டுப் பலகாரம், அதற்கும் மறுநாள் மாமா வீட்டில் விருந்து. எல்லாம் முடிந்து எடை மெஷினில் ஏறினால், 68.4 கிலோ இருந்தவன் 70.5.

அன்று எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மாவுக்குக் கந்த சஷ்டி விரதம் தொடங்கியிருந்தது. "நீயும் ஒரு நாள் வயித்தைக் காயப்போடு, எல்லாம் சரியாப்போகும்" என்றார். தம்பி மிக்சியில் பீட்ரூட் அரைத்துக்கொண்டிருந்தான். அத்தை நொய்யைக் களைந்து கஞ்சிக்கு உலை வைத்திருந்தார். மூன்று தீபாவளியாக இவை எல்லாவற்றையும் நான் மாறி மாறிச் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று எங்கே மிஞ்சுகிறது, எங்கே கைவிடுகிறது என்று எழுதி வைக்கத் தோன்றியது.

முதலில் அந்த 2 கிலோ. அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர ஏறத்தாழ 7,700 கலோரி உபரியாக உள்ளே போக வேண்டும். 2 கிலோ என்றால் 15,000-க்கு மேல். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளுக்கு 3,800 கலோரி வீதம் நாலு நாள் தின்றிருக்க வேண்டும். நான் தின்றது அதிகம்தான், ஆனால் அவ்வளவு இல்லை. சோறு, மாவு, சர்க்கரை என்று உள்ளே போனதில் ஒரு பகுதி ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பாக வைக்கப்படுகிறது. அது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முறுக்கிலும் மிக்சரிலும் கறிக்குழம்பிலும் போன உப்பு வேறு தண்ணீரை நிறுத்தும். மீதி, குடலில் இன்னும் வெளியேறாமல் இருப்பது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டால் நாலைந்து நாளில் இதில் பெரும்பகுதி தானாக வடிந்துவிடும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்த நாலைந்து நாளில் யார் எதைச் செய்தாலும் எடை இறங்கும். ஜூஸ் குடித்தவர் ஜூஸால் இறங்கியது என்பார், பட்டினி கிடந்தவர் பட்டினியால் என்பார். அதனால் எடையை வைத்து இவற்றை ஒப்பிடுவதை விட்டுவிட்டேன். நான் பார்ப்பது சாயங்காலம் நாலு மணியை. டீ கொதிக்கிற நேரம். அலமாரியில் முறுக்குத் தூக்கும் அதிரச டப்பாவும் இன்னும் இருக்கின்றன. காலையிலிருந்து நான் சாப்பிட்ட முறை, அந்த நேரத்தில் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? தீபாவளியில் நாம் கெடுவது தீபாவளி அன்று மட்டும் இல்லை. அதற்குப் பிறகு வருகிற பத்து நாட்களின் நாலு மணிகளில்தான்.

பட்டினி

'லங்கணம் பரம ஔஷதம்', பட்டினியே பெரிய மருந்து என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வருகிறோம். அதில் உண்மை இருக்கிறது. புளித்த ஏப்பம் வருகிறது, வயிறு கல் மாதிரி இருக்கிறது, பசியே இல்லை என்றால் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுவது சரி. பசிக்காத வயிற்றில் மணி பார்த்துப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஒரு வேளைக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் முழுக்க என்று நீட்டும்போதுதான் சிக்கல். நான் இருந்து பார்த்த அன்று மதியம் வரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டு காபி தாங்கியது. நாலு மணிக்குத் தலைவலி, ஏழு மணிக்கு அலமாரிக்கு முன்னால் நின்றபடியே மூன்று அதிரசம், அதன் மேல் தோசை. பட்டினி கிடந்த நாளில் பட்டினி கிடக்காத நாளைவிட அதிகமாக இனிப்பு தின்றிருந்தேன்.

அப்படியென்றால் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களால் மட்டும் எப்படி முடிகிறது? திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலிலேயே தங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்கள் உண்டு, ஒருபொழுது சாப்பிடுபவர்கள் உண்டு, மிளகை எண்ணி விழுங்கித் தண்ணீர் குடிப்பவர்களும் உண்டு. அங்கே சுற்றிலும் அதே விரதக்காரர்கள், அடுத்த பூசை, அடுத்த பாராயணம். முறுக்குத் தூக்கு அங்கே இல்லை. எடைக்காக அடுப்படியில் உட்கார்ந்து கிடக்கிற பட்டினியும் அதுவும் ஒன்றில்லை. பக்தியை டயட் ஆக்கவும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் சஷ்டி முதல் நாள், அம்மா வழக்கம்போல் காலையில் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு டம்ளர் பாலோடு நிறுத்திவிட்டார். பதினொரு மணிக்குப் பூஜை அறையிலிருந்து கூப்பிட்ட குரலே சரியில்லை. நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை, விளக்குத் திரியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. குளுக்கோமீட்டரில் 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தோம். 84. அதன் பிறகு இரண்டு இட்லி. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அந்த மாத்திரை கணையத்திலிருந்து இன்சுலினை வரவழைத்துக்கொண்டே இருக்கும் என்று மருத்துவர் அப்புறம் விளக்கினார். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்து. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். நம் வீட்டில் ஒருவராவது அந்தக் கணக்கில் இருப்பார். மருத்துவரைக் கேட்காமல் அவரைப் பட்டினி போட வேண்டாம்.

ஜூஸ்

நான் ஒப்பிட்டதில் கடைசி இடம் இதற்குத்தான். தம்பி வருத்தப்பட்டாலும் சொல்லத்தான் வேண்டும். ஆப்பிள், பீட்ரூட், கேரட் மூன்றையும் அரைத்து வடிகட்டினால் நார் வடிகட்டியில் நின்றுவிடுகிறது, சர்க்கரை டம்ளருக்கு வந்துவிடுகிறது. கடித்து மெல்ல வேலை இல்லாததால் சாப்பிட்டோம் என்ற நிறைவும் வருவதில்லை. பதினொரு மணிக்குப் பசி, நாலு மணிக்கு ஆவேசம். கழிவை வெளியேற்றும் என்கிறார்கள். அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் ராப்பகலாகப் பார்க்கின்றன; பீட்ரூட் சாறு வந்துதான் தொடங்க வேண்டும் என்று அவை காத்திருக்கவில்லை.

பூங்கா வாசல்களில் விற்கிற சுரைக்காய் ஜூஸில் தனி எச்சரிக்கை வேண்டும். சில சுரைக்காய் கசக்கும். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சு. ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் விழுதல் வரை போய், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. ஐசிஎம்ஆர் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, கசந்தால் குடிக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. 'கசப்பு உடம்புக்கு நல்லது' என்று மூக்கைப் பிடித்து விழுங்குகிற பழக்கம் நமக்கு உண்டு. இதில் அது ஆகாது. அதே சுரைக்காயைக் கூட்டு வைக்கலாம், வெட்டும்போதே நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துவிடலாம். வாழைத்தண்டையும் சாறாக்காமல் பொடியாக நறுக்கி மோரில் போட்டுப் பச்சடி பண்ணினால் நாரோடு உள்ளே போகும்.

லேகியமும் நடையும்

இவை தனியாகப் போட்டியிடும் வழிகள் இல்லை, கூட வருபவை. தீபாவளி லேகியத்தில் சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் இருப்பது வயிற்று மந்தத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை உருட்டிச் சேர்ப்பது வெல்லமும் நெய்யும். நெல்லிக்காய் அளவு எடுத்தால் மருந்து, கரண்டியால் வழித்தால் இன்னொரு இனிப்பு.

நடந்தே கரைத்துவிடலாம் என்ற கணக்கும் ஓடாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அதைக் கழிக்க அரைமணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சாப்பிட்டதும் கால் மணி நேரம் தெருவில் ஒரு சுற்றுப் போவதன் பலன் வேறு: சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரை அந்த அளவுக்கு ஏறாது. அதற்காக நடங்கள்.

கஞ்சிக்கும் ரசஞ்சோற்றுக்கும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். அத்தை வைக்கிற கஞ்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நொய், அதில் பாதி பாசிப்பருப்பு, நாலு பல் பூண்டு, சீரகம், அரை ஸ்பூன் வெந்தயம். குழைந்ததும் உப்பு அளவாகப் போட்டு, தொட்டுக்கொள்ளக் கறிவேப்பிலைத் துவையல். விருந்து முடிந்த அன்று ராத்திரி ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் படுத்தால், காலையில் எழும்போது நாலு நாளாக இல்லாத பசி வரும். பட்டினியால் வருகிற பசி இல்லை அது, சாதாரணமான காலைப் பசி. அந்த ஒரு வேளைக்குக் கஞ்சிதான் எல்லாவற்றையும்விட மேல்.

மூன்று நாள் கஞ்சியிலேயே இருந்தால் கதை மாறுகிறது. குழைய வெந்த அரிசி சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை வேகமாக ஏற்றும், இரண்டு மணி நேரத்தில் வயிறு காலி. காய் இல்லை, மெல்ல எதுவும் இல்லை. இரண்டாம் நாள் நாலு மணிக்கு நான் முறுக்கை எடுத்ததே எதையாவது கடிக்க வேண்டும் என்றுதான். கஞ்சி குடிக்கிறவர்கள் அரிசிக்குச் சமமாகப் பருப்பைப் போட்டால் கொஞ்சம் தாங்கும்.

அதனால் மறுநாள் காலையிலிருந்து வழக்கமான சாப்பாடு, வழக்கமான நேரத்துக்கு. காலையில் இரண்டு இட்லி, சாம்பார், ஒரு முட்டை. மதியத் தட்டில்தான் ஒரு மாற்றம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் திருத்தி வெளியிட்ட உணவு வழிகாட்டியில் பாதித் தட்டு காயும் பழமும் என்று படம் போட்டிருக்கிறார்கள். நம் தட்டு அதற்கு நேர் தலைகீழ்: நடுவில் சோற்று மலை, ஓரத்தில் இரண்டு சிட்டிகை பொரியல். நான் செய்தது, பரிமாறும் வரிசையை மாற்றியது. முதலில் கோஸ் பொரியலும் கீரை மசியலும் தட்டில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் ஒன்றரைக் கரண்டி சோறு, மிளகு ரசம். கடைசியில் மோர். அப்பளம், ஊறுகாய், வற்றல் ஒரு வாரத்துக்குக் கிடையாது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பலகார வாரத்தில் அதை எத்தனை முறை தாண்டியிருப்போம்!

நாலு மணிக்குச் சுண்டல். ராத்திரியே கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிடுவேன். வெந்ததைக் கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துத் தேங்காய் கொஞ்சமாகத் தூவி, ஒரு கிண்ணம். கடிக்கவும் இருக்கிறது, வயிறும் நிற்கிறது. முறுக்குத் தூக்கை ஜெயித்தது இதுதான், என் மன உறுதி இல்லை.

தூக்கையும் சும்மா விடவில்லை. முறுக்கையும் மிக்சரையும் ஆபீஸுக்குக் கொண்டுபோனேன், ஒரே மதியத்தில் தீர்ந்தது. அம்மா கையால் சுட்ட அதிரசத்தை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. பரணில் ஏற்றிவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று என்று வைத்துக்கொண்டோம். வயிறு நிறைந்த பிறகு ஒன்றே போதுமென்று இருக்கிறது. காலி வயிற்றில் நாலு மணிக்கு அதே அதிரசம் மூன்றாகிவிடும்.

இந்த வருஷம் அம்மா முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையை மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு ஒருபொழுது விரதம் இருந்தார். சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வந்து அவர் ரசஞ்சோறு பிசைந்தபோது எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். அன்று காலை மெஷின் 68.7 காட்டியிருந்தது. பரணில் இன்னும் ஆறு அதிரசம் இருந்தது.