வயிற்றுக்குத் தேன்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் வயிறு சரியாகுமா என்று நண்பர் கேட்டார். மலம் இளகும். வயிறு உப்பவும் செய்யும். இரண்டுக்கும் காரணம் தேனில் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரைதான், என் கோபமும் அதன்மேல்தான்.

தேனில் சுமார் 38 சதவீதம் ஃப்ரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ். குளுக்கோஸ் துணை இருக்கும்வரை ஃப்ரக்டோஸைச் சிறுகுடல் சுலபமாக உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சியது பலருக்கு அப்படியே கீழே இறங்கிவிடும். போகிற வழியில் குடலுக்குள் தண்ணீரை இழுப்பதால் மலச்சிக்கல் தளர்கிறது. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைப்பதால் வாயு சேர்கிறது. ஐபிஎஸ் (அடிக்கடி வயிற்றுவலி, உப்புசம், மலக்கோளாறு தரும் குடல் பிரச்சினை) தொல்லை உள்ளவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

"ஒரு ஸ்பூன்" என்று மொட்டையாகச் சொல்வதுதான் பாதி வினை. டீஸ்பூன் என்றால் 7 கிராம். டேபிள்ஸ்பூன் என்றால் 21 கிராம், அதில் 17 கிராம் சர்க்கரை. 200 மில்லி வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூனோடு ஆரம்பியுங்கள்.

பாட்டிலையும் கவனியுங்கள். தேன் உறையும்போது அடியில் படிகமாக நிற்பது குளுக்கோஸ். மேலே தெளிவாக நிற்கும் திரவத்தில் ஃப்ரக்டோஸும் நீரும் கூடுதல். மேலாக மட்டும் எடுத்துக் குடித்தால் உப்புசத்துக்கு நாமே வழி விடுகிறோம். நீர் கூடிய அந்த மேற்பகுதிதான் முதலில் புளிக்கவும் செய்யும். நுரையும் புளித்த வாடையும் வந்தால் தூக்கிப் போடுங்கள். உறைந்தது கலப்படம் அல்ல. பாட்டிலை 40 டிகிரி நீரில் வைத்து, இளகியதும் அடிவரை கிளறுங்கள். கொதிக்க வைத்தால் நொதிகள் அழியும்.

வயிற்றுப்புண்ணை ஆற்றும் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைத் தேன் அடக்கியது ஆய்வகத் தட்டில். இரைப்பையில் அது நீர்த்துப்போகும். அந்தக் கிருமிக்கு மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இதுவும் சர்க்கரைதான்.

வயிற்றுக்காகவே வாங்கலாமா என்றால், வேண்டாம். நார்ச்சத்தும் தண்ணீரும் போதும். ஆனால் என் வீட்டில் பாட்டில் தீர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். லேசான மலச்சிக்கலுக்கு இவ்வளவு ருசியாக வேறெதுவும் கேட்பதில்லை.