ஊரடங்கில் ஒரு குடல்வால் ஆபரேஷன்: செட்டிநாட்டில் நான் பார்த்த மருத்துவச் சேவை

2020 ஊரடங்கில் ஊரில் மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. மலேசியாவில் இருக்கும் கிள்ளானுக்குத் திரும்பி வந்து இவ்வளவு காலம் ஆகியும், அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு இங்கே இருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அவசரம்னா அங்கே ஆஸ்பத்திரி கிடைச்சுதா?" கிடைத்தது. தம்பி மகளுக்கு நடந்த குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) ஆபரேஷனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தியேட்டர் வரை போய்ச் சேருவதற்குள் தாண்ட வேண்டிய சின்னச் சின்ன வாசல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. சாயங்காலம் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர், ஸ்கேன் சென்டர், டவுன் பஸ். எங்களுக்கு நேரம் போனது அங்கேதான்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் வட்டத்தில் இருக்கிறது. செட்டிநாடு ஒரே நாடு என்றாலும் அரசாங்கக் கணக்கில் அது சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. எங்களுக்குச் சாமான் வாங்குவது, துணி எடுப்பது, டாக்டரைப் பார்ப்பது எல்லாமே காரைக்குடிதான். மாவட்ட எல்லை எங்கே வருகிறது என்று யாரும் கவனித்ததில்லை. மார்ச் 24 சாயங்காலம் எல்லைகளை மூடியதும், பக்கத்து ஊர் காரைக்குடி எங்களுக்கு வேறு மாவட்டம் ஆகிவிட்டது.

நான் ஒரு கல்யாணத்துக்காக மார்ச் தொடக்கத்தில் வந்திருந்தேன். 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 22க்குப் பிறகு இந்தியாவில் வெளிநாட்டு விமானங்களும் நின்றன. வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று சுகாதாரத் துறை ஆட்கள் வந்து, நிலையில் செதுக்கியிருக்கும் கஜலட்சுமிக்கு நேர் கீழே, தேக்குக் கதவில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். எனக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. கெடு முடிந்த பிறகும் அதைக் கிழிக்க யாரும் வரவில்லை. அந்த ஸ்டிக்கர் பின்னால் எவ்வளவு பெரிய விஷயமாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

தம்பி மகள் கல்லூரியில் படிக்கிறாள். பங்குனி கடைசியில் ஒரு சாயங்காலம் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றாள், ஒரு தடவை வாந்தி எடுத்தாள். வேறு காலமாக இருந்தால் பெரிய ரோட்டில் இருக்கும் டாக்டர் கிளினிக்குக்குப் போயிருப்போம். இருபது வருஷமாக எங்கள் ஊர் வயிறுகளை எல்லாம் அழுத்திப் பார்த்தவர் அவர். வயதானவர், பயந்து கிளினிக்கை மூடிவிட்டார். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. மருந்துக் கடை திறந்திருந்தது. அங்கே கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். தம்பி மனைவி, "வேணாம் ஆச்சி, விடியட்டும்" என்று மறுத்துவிட்டாள். நல்லவேளை. குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதிக்குக் கொடுக்கவே கூடாது, வெடிக்கும் அபாயம் கூடும் என்று டாக்டர் பின்னால் சொன்னார்.

விடியும்போது வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது, லேசான காய்ச்சலும் வந்திருந்தது. நடுவில் தொடங்கி வலது கீழே இறங்கும் வலி, பசியின்மை, வாந்தி, பிறகு காய்ச்சல். குடல்வால் அழற்சிக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் வரிசை இதுதான். ஆனால் 2020 ஏப்ரலில் காய்ச்சல் என்ற வார்த்தையைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் காதில் வேறு ஒன்றுதான் விழும். தம்பி ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன் போட்டான். காய்ச்சல் இருந்தால் கொரோனா ரிசல்ட்டோடு வாருங்கள் என்றார்கள். வயிற்று வலி என்று மறுபடி மறுபடி சொல்லியும் பதில் மாறவில்லை. ஸ்கேன் சென்டரில் போனையே எடுக்கவில்லை. இப்படியே காலைப்பொழுது போய்விட்டது.

அப்புறம் 108க்கு அடித்தோம். 2008இலிருந்து தமிழ்நாட்டில் ஓடும் ஆம்புலன்ஸ் சேவை. எடுத்த பெண் பொறுமையாகவே பேசினார். இருமல் உண்டா, மூச்சுத் திணறல் உண்டா என்ற கேள்விகளோடு, "வீட்ல வெளிநாட்டிலிருந்து வந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்றும் கேட்டார். இருக்கிறேன் என்றேன். அந்தப் பதிலால், வருகிறவர்கள் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

வண்டி ஊர் எல்லை வரை வந்துவிட்டது. ஆனால் வெளியாட்கள் வரக்கூடாது என்று ஊர்ப் பையன்கள் ரோட்டுக்குக் குறுக்கே சீமைக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, அதன்மேல் ஒரு பனந்தடியையும் கிடத்தியிருந்தார்கள். நீல உடுப்பும் முகக்கவசமுமாக டிரைவர் இறங்கி, ஒரு கவைக்கம்பால் முள்ளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். முள் குத்திக் கையுறை கிழிந்ததும் வேறு ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி இழுத்தார். பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்த மனிதரை நான் மறக்க மாட்டேன். மாவட்ட எல்லையில் ஆம்புலன்ஸை யாரும் நிறுத்தவில்லை. பின்னால் காரில் போன தம்பியைத்தான் பாஸ் எங்கே என்று கேட்டு நிறுத்திவைத்தார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் என்றதால் தாய் மட்டும் கூடவே போனாள். நான் வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு பட்டாலையில், அதாவது வீட்டு முன்கூடத்தில், உட்கார்ந்திருந்தேன்.

காரைக்குடி அரசு மருத்துவமனையிலும் முதலில் காய்ச்சல் பந்தலில்தான் உட்கார வைத்தார்கள். ஆனால் அங்கே ஒரு சர்ஜன் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார். தம்பி மனைவி போனில் சொன்னாள்: "அண்ணி, இருமச் சொன்னாரு. இருமினதும் புள்ள வலது பக்கத்தப் பிடிச்சுக்கிட்டு அழுதிட்டா. அழுத்துறப்பவிட கையை எடுக்கிறப்பத்தான் ஜாஸ்தி வலிக்குதாம்." நாங்கள் அலைந்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷப் பரிசோதனைக்காகத்தான். ரத்தத்தில் வெள்ளையணு ஏறியிருந்தது. பெண் பிள்ளை என்பதால் சினைப்பைக் கட்டி இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொண்டார்கள். குடல்வால் தடித்திருந்தது, அதன் வாயில் ஒரு மலக்கல் (கல்லாக இறுகிய மலம்) அடைத்திருந்தது.

மருந்திலேயே சரிக்கட்ட முடியாதா என்று தம்பி கேட்டிருக்கிறான். அந்த நேரத்தில் உலகம் முழுக்கப் பல மருத்துவமனைகள் அதைத்தான் முயன்றன. அந்த வருஷம் அக்டோபரில் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, 1552 பேரை வைத்துச் செய்தது, ஆன்டிபயாட்டிக் மட்டும் எடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது என்றது. கல் இருந்தவர்களில் 41 சதவீதம். ஆய்வு வரும் முன்பே எங்கள் சர்ஜன் கல்லைப் பார்த்துவிட்டு, காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சளி மாதிரி எடுத்தார்கள். முடிவு வெளியூரிலிருந்து வர வேண்டும். பரிசோதனை கேட்டது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். தொற்றோடு ஆபரேஷன் ஆனவர்களில் 30 நாளுக்குள் நூற்றில் ஏறக்குறைய 24 பேர் இறந்ததாக அந்த மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் 24 நாடுகளின் கணக்கு வந்தது. ஆனால் பரிசோதனை செய்வது வேறு, முடிவு வரும்வரை வாசலில் நிறுத்திவைப்பது வேறு. சர்ஜன், தொற்று இருப்பதாகவே வைத்துக்கொள்வோம் என்று சொல்ல, எல்லோரும் முழு உடையோடு தியேட்டருக்குள் போனார்கள். முழு மயக்கம் கொடுக்கத் தொண்டையில் குழாய் விட்டால் கிருமி காற்றில் பரவும் என்று முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியும் இல்லை, வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி வெளியே விடும்போது கிருமியும் வரலாம் என்ற பயம். பிரிட்டனின் அறுவை மருத்துவர் அமைப்புகள் மார்ச் கடைசியில் கொடுத்த வழிகாட்டுதலும் அப்படித்தான் இருந்தது, பின்னால் தளர்த்தினார்கள். அதனால் பிள்ளைக்குத் தழும்பு கொஞ்சம் பெரிது.

குடல்வால் கறுத்திருந்தது, வெடிக்கவில்லை. நெகட்டிவ் என்ற முடிவு வந்தபோது அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு என்னை உள்ளே விட்டார்கள். அந்த சர்ஜன் என்னிடம் சொன்னது: குடல்வால் என்று வருகிறவர்கள் வழக்கத்தைவிடக் குறைவு, வருகிறவர்களில் வெடித்து வருகிறவர்கள் அதிகம். பயத்தில் வீட்டிலேயே பொறுத்துக்கொண்டு கிடக்கிறார்கள் என்றார். பல நாட்டு மருத்துவமனைகளும் அந்த வருஷம் இதையே பதிவு செய்தன. வலி தொடங்கி ஒன்றரை நாள் தாண்டினால் வெடிக்கும் வாய்ப்பு ஏறத் தொடங்கிவிடும். எங்களுக்கு அந்தக் கெடு கிட்டத்தட்ட முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒரு டீக்கடைகூட இல்லை. உள்ளே இருந்த நோயாளிகளின் சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் வெந்நீரும் இட்லியும் பகிர்ந்துகொண்டார்கள். பணம் ஒன்றும் கேட்கவில்லை. தையல் பிரிக்கக் காரைக்குடி வர வேண்டாம் என்று சர்ஜனே சொல்லிவிட்டார். மார்ச் 25இல்தான் இந்திய மருத்துவக் கவுன்சில் தரப்பில் தொலைமருத்துவ வழிகாட்டுதல் வந்திருந்தது. அவர் வீடியோ காலில் பார்க்க, எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் எங்கள் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) வெளிச்சம் விழும் இடத்தில் பாயைப் போட்டுத் தையலைப் பிரித்தார். அப்போதுதான், "இனி எதுக்கு அயித்தை இது?" என்று தம்பி மகள் கேட்க, செவிலியரே கதவிலிருந்த ஸ்டிக்கரையும் கிழித்தார்.

ஊரில் பெரியவர்களை வைத்திருப்பவர்களுக்கு: வயிற்று வலி விடாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால், போனில் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக 108க்கு அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் சுகாதார செவிலியர் எண்ணை இப்போதே வாங்கி வையுங்கள். மருத்துவச் சந்தேகம் கேட்க 104 என்ற உதவி எண் இருக்கிறது. ரோட்டை அடைத்திருந்த முள்ளை எடுத்துவிட்டு, ஒரு ஆள் தூக்கக்கூடிய மூங்கில் தடுப்பை வைக்கச் சொல்லி என் தம்பி ஊராட்சித் தலைவரிடம் பேசினான். அந்த வாரமே மாற்றிவிட்டார்கள்.