சாவியா, பட்டனா? பாய்மரப் படகு எஞ்சினுக்கு எந்த ஸ்டார்ட் சுவிட்ச் ஏற்றது

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றாது. மறுபடி திருப்பினால் மறுபடி 'டிக்'. ஐந்தாறு முறை முயன்ற பிறகு, ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும். பாய்மரப் படகில் டீசல் எஞ்சின் வைத்திருப்பவர்களில் பலருக்கு இது பழகிய தொல்லை. சுவிட்ச் போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிதாக எதைப் போடலாம் என்று தேட ஆரம்பிக்கிறோம்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, ஆனாலும் பழக்கத்தில் 'இக்னிஷன்' என்றே சொல்கிறோம். இந்த சுவிட்ச் செய்வது இரண்டு வேலை. ஒன்று, அலாரம், மீட்டர்கள், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத் தூண்டும் மின்சாரம், சில எஞ்சின்களில் டீசல் பம்பு ஆகியவற்றை உயிர்ப்பிப்பது. இன்னொன்று, ஸ்டார்ட்டரைச் சுற்ற வைப்பது. இந்த இரண்டையும் ஒரே சுவிட்சில் வைப்பதா, பிரிப்பதா என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே சாவியில் வைப்பது காரில் பழகியவர்களுக்கு இயல்பாக வரும். ஆஃப், ஆன், ஹீட் (ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினைச் சூடாக்க), ஸ்டார்ட் என்று நாலு நிலை. பேனலில் ஒரே ஓட்டை போதும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் படகின் காக்பிட்டில், அதாவது ஓட்டுபவர் உட்காரும் திறந்த இடத்தில், பேனல் பெரும்பாலும் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் சாவியில் கால் இடிக்கும், கயிறு சிக்கும். சாவித் துளைக்குள் உப்புத் தண்ணீர் இறங்கும். எனக்குப் பெரிய கவலை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்தான். அது தளர்ந்தால் கையை எடுத்த பிறகும் சாவி ஸ்டார்ட் நிலையிலேயே நின்றுவிடும். எஞ்சின் ஓட, ஸ்டார்ட்டரும் கூடவே சுற்றிக் கருகும்.

சாவி இருந்தால் திருட்டுக்குப் பாதுகாப்பு என்பதையும் நான் பெரிதாக நம்பவில்லை. ஒரே எண் கொண்ட சாவி பல படகுகளுக்குப் பொருந்துவதைப் பார்க்கலாம். பாதுகாப்பு வேண்டுமென்றால் பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்து, அது இருக்கும் இடத்தைப் பூட்டி வையுங்கள். எஞ்சின் ஓடும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள், ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும்.

இரண்டாவது வழி, ஆன் செய்ய ஒரு சாவியோ டாகிள் சுவிட்சோ, ஸ்டார்ட்டுக்குத் தனியாக ஒரு பட்டன். யான்மாரின் பழைய ஜிஎம் வரிசை எஞ்சின்களில் இப்படித்தான் இருந்தது. நிறுத்த ஒரு இழுப்புக் கேபிள். என் ஓட்டு இதற்குத்தான். ஆன் செய்ததும் அலாரம் கத்தினால் அந்தப் பக்கம் சரி; பட்டனை அழுத்தியும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால், கோளாறைத் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது. மாற்ற வேண்டியது ஒரு சின்னப் பொருள்தான், அதன் உதிரியை டிராயரில் போட்டு வைக்கலாம். குறையும் உண்டு. எஞ்சின் ஓடும்போதே யாராவது பட்டனை அழுத்திவிட்டால் கியர் பற்கள் கரகரவென்று உரசும். பட்டன் மேலுள்ள ரப்பர் மூடி வெயிலில் வெடிக்கும், வெடித்தவுடன் மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, சாவியே இல்லாத எலக்ட்ரானிக் பேனல். ஐபி67 தரத்தில் வருபவை ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். சிலவற்றில் ஓடும் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே முடியாது. துறைமுகத்தைச் சுற்றியே ஓட்டுபவருக்கு இது வசதி. தொலைவில் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே இருக்கும் போர்டு செத்துவிட்டால், ஒரு துண்டு வயரை வைத்துச் சமாளிப்பது எளிதல்ல.

சரி, அந்த 'டிக்' சத்தத்துக்கு வருவோம். சுவிட்சை வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஒருவர் ஸ்டார்ட் கொடுக்கட்டும், நீங்கள் சொலினாய்டின் (ஸ்டார்ட்டரை இயக்கிவிடும் மின்காந்த சுவிட்ச்) சிறிய முனையில் வோல்டேஜ் பாருங்கள். அதே நேரத்தில் பேட்டரியில் 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க, இங்கே 8 அல்லது 9 தான் காட்டினால் மீதி வழியில் கரைகிறது. மின்சாரம் எஞ்சினிலிருந்து காக்பிட் பேனல் வரை போய், சுவிட்சைக் கடந்து, மறுபடி எஞ்சினுக்கு வருகிறது. போய்வர 6 மீட்டர் சாதாரணமாக ஆகிவிடும். நடுவில் பிளாஸ்டிக் கனெக்டர்கள். கழற்றிப் பார்த்தால் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சொலினாய்டு இழுக்கும் அந்த நொடியில் 20 ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதை இந்தக் களிம்பு கொடுக்காது, எவ்வளவு விலையுள்ள சுவிட்ச் போட்டாலும் கொடுக்காது.

இதற்கு மருந்து, ஸ்டார்ட்டர் பக்கத்தில் 40 ஆம்பியர் ரிலே ஒன்று, அதாவது சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச். ரிலேயின் முனைகளில் எண்கள் இருக்கும்: பட்டனிலிருந்து வரும் வயர் 86க்கு, 85 நெகட்டிவுக்கு, ஸ்டார்ட்டரின் தடித்த பாசிட்டிவ் முனையிலிருந்து ஃபியூஸ் வழியாக 30க்கு, 87 சொலினாய்டுக்கு. இப்போது காக்பிட் சுவிட்ச் சுமப்பது கால் ஆம்பியர்கூட இல்லை. களிம்பையும் சுத்தம் செய்துவிட்டால் பழைய சாவி சுவிட்சே இன்னும் பல வருடம் ஓடலாம். சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் குளோ பிளக்குகளுக்கும் இதே வழிதான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 8, 10 ஆம்பியர் இழுக்கும். மூன்று சிலிண்டர் என்றால் கூட்டிப் பாருங்கள்.

நிறுத்தும் முறையையும் சேர்த்தே யோசியுங்கள். சில எஞ்சின்களில் டீசலைத் திறந்துவிடும் எரிபொருள் சொலினாய்டுக்கு மின்சாரம் இருக்கும்வரைதான் எஞ்சின் ஓடும். சுவிட்ச் பழுதானால், பாறைக்கு அருகில் நின்றுவிடக்கூடும். கேபிள் இழுத்து நிறுத்தும் எஞ்சின் அப்படி நிற்காது. ஆனால் அதில் சாவியை முதலில் அணைத்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆயில் அலாரம் மட்டும் ஊமையாகிவிடும். முதலில் கேபிளை இழுங்கள், அலாரம் கத்தட்டும், அப்புறம் சாவியை அணையுங்கள்.

டீசல் எஞ்சின் என்றால் ரிலே பக்கத்திலேயே இன்னொரு ஸ்டார்ட் பட்டனையும் வைத்துவிடுங்கள். வால்வு இடைவெளி சரிசெய்யும்போது, நிறுத்தும் கேபிளை இழுத்து வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற ஆள் தேட வேண்டாம். பெட்ரோல் எஞ்சின் என்றால் எஞ்சின் அறைக்குள் சாதாரண பட்டனோ ரிலேவோ கூடாது. பொறி வெளியே வராத வகை மட்டும்தான், அதுவும் எஞ்சின் அறையின் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் ப்ளோவரை 4 நிமிடம் ஓடவிட்ட பிறகு.