மலையில் துப்பாக்கி சுடும் போட்டி: லைவில் முகத்தைக் காட்டுவதா, மார்க்கைக் காட்டுவதா?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு ஹாலில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி நடக்கிறது என்று வையுங்கள். அம்மா மேட்டுப்பாளையத்தில், தாத்தா கோவையில், சித்தப்பா துபாயில். எல்லோருக்கும் பார்க்க ஆசை. எதில் காட்டுவது?

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது வீடியோ கால். வேண்டாம். தகுதிச் சுற்றில் 60 குண்டு. குண்டு பட்டதும் மார்க்கைத் திரையில் காட்டும் எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் 75 நிமிடம், அதற்கு முன் தயாராகவும் சோதித்துச் சுடவும் 15 நிமிடம். இலவச ஜூம் 40 நிமிடத்தில் நின்றுவிடும், கூகுள் மீட் ஒரு மணி நேரத்தில். பையன் நல்ல ஃபார்முக்கு வரும்போது திரை கறுத்துப் போகும்.

அடுத்தது, ஸ்டாண்டில் ஒரு போனை மாட்டி யூடியூப் லைவ். செலவே இல்லை. ஆனால் போனிலிருந்து லைவ் போகச் சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். முதல்முறை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். போட்டியன்று காலையில் சேனல் தொடங்கினால் கதை முடிந்தது. அதைவிடப் பெரிய குறை, படத்தில் ஒன்றும் தெரியாது. கெட்டியான ஜாக்கெட் போட்ட பிள்ளை அசையாமல் நிற்கும், ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். குண்டு 4.5 மில்லிமீட்டர், பத்து மார்க் தரும் நடுப்பொட்டின் அகலம் அரை மில்லிமீட்டர். அதை எந்தப் போன் கேமராவும் சுடுபவருக்குப் பின்னாலிருந்து பிடிக்காது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: டார்கெட்டின் மார்க் திரையை ஒரு கேப்சர் கார்டு (வேறொரு திரையின் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் சின்னக் கருவி) வழியாக லேப்டாப்பில் வாங்கி, ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டு யூடியூபுக்கு அனுப்புவது. ஒவ்வொரு குண்டும் விழும் இடமும், 10.4, 9.8, 10.9 என்று அதன் மார்க்கும் வீட்டில் தெரியும். சுடுபவர்களின் படம் மூலையில் சின்னதாக இருந்தால் போதும். 8 பேர் மிஞ்சும் இறுதிச் சுற்றில் மட்டும் அதைப் பெரிதாக்குங்கள், 0.1 மார்க் வித்தியாசத்தில் வெளியேறுபவரின் முகத்தை அப்போது பார்த்தே ஆக வேண்டும்.

மலைக்கு இதில் இன்னொரு வசதி. 720பி தரப் படத்துக்கு அனுப்பும் வேகம் நொடிக்கு 4 மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்று வைத்தால் மணிக்கு 1.8 ஜிபி டேட்டா போகும். மார்க் திரை அதிகம் அசையாது என்பதால் அதைவிடக் குறைத்தாலும் எண்கள் தெளிவாகவே இருக்கும். மூடுபனி வந்தால் சிக்னல் போய்விடும் என்பார்கள்; பனிக்கும் 4ஜி-க்கும் பெரிய பகை இல்லை. டவருக்கும் ஹாலுக்கும் நடுவில் நிற்கும் மேடுதான் வில்லன். அப்புறம், மே மாத சீசனில் டவரைப் பங்கு போடும் சுற்றுலாக் கூட்டம். ஃபைபர் இருந்தால் அதையே பிடியுங்கள், சிம்மை மாற்றுக்கு வையுங்கள்.

தாமதம் குறைந்த லைவ் வேண்டுமா என்று யூடியூப் கேட்கும். ‘நார்மல்’ போதும். அரை நிமிடம் பிந்தினாலும் படம் திக்காது. என்ன, ஹாலில் இருக்கும் அப்பா போன் போட்டு மார்க்கை முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

பேப்பர் டார்கெட் என்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். மார்க் பிறகுதான் வரும் என்பதால் லைவுக்கே அர்த்தம் குறைவு. ஸ்கோர் ஷீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதும். எலக்ட்ரானிக் என்றால் லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு; மோடத்துக்கும் மார்க் திரைக்கும் யுபிஎஸ் வேண்டும். காற்றில் ஒரு கிளை கம்பி மேல் விழுந்தால் இங்கே கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.