எல்.ஏ. நுவாரா, ஷேடோஸ் ஆஃப் டவுட்டா: எந்த நகரத்தில் துப்பறியலாம்?

நள்ளிரவு மழை, நியான் பெயர்ப்பலகைகள், தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட துப்பறிவாளர். இப்படி ஒரு நகரத்துக்குள் நடந்து கேஸ் விசாரிக்க ஆசைப்படுபவர்கள் என்னிடம் கேட்டால் இரண்டு கேம்களைச் சொல்வேன். ஒன்று 2011இல் வந்த எல்.ஏ. நுவார். இன்னொன்று, 2023இல் முன்னோட்டமாக வெளியாகி 2024 செப்டம்பரில் முழுமை பெற்ற ஷேடோஸ் ஆஃப் டவுட். இரண்டுக்கும் மேல்பூச்சு ஒன்றுதான். ஆனால் துப்பறியும் வேலையை யார் செய்கிறார்கள் என்பதில் இரண்டும் எதிரெதிர் துருவம்.

எல்.ஏ. நுவார் 1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. போரிலிருந்து திரும்பிய கோல் ஃபெல்ப்ஸ் என்ற போலீஸ்காரராக நாம் ரோந்துப் பணியில் தொடங்கி டிராஃபிக், கொலை, வைஸ் (சூதாட்டம், போதைப்பொருள் போன்ற குற்றங்கள்), தீவைப்பு என ஒவ்வொரு பிரிவாக மாறுகிறோம். சிட்னியைச் சேர்ந்த டீம் பாண்டி உருவாக்க, ராக்ஸ்டார் வெளியிட்டது. அந்தக் காலத்து வான்வழிப் புகைப்படங்களைப் பார்த்துக் கட்டிய நகரம் என்பதால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சும்மா கார் ஓட்டிப் போவதே ஒரு சுகம். கேமின் செட்டிங்ஸில் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. இரவு நேரக் கேஸ்களுக்கு அது அபாரமாகப் பொருந்துகிறது.

ஆனால் இந்த கேமின் உயிர் விசாரணை மேசையில்தான் இருக்கிறது. நடிகர்களைச் சுற்றி 32 கேமராக்களை வைத்து முகத்தைப் பதிவு செய்த மோஷன்ஸ்கேன் தொழில்நுட்பம், சாட்சி எச்சில் விழுங்குவதையும் கண்ணைத் திருப்புவதையும் அப்படியே காட்டுகிறது. அதைப் பார்த்து உண்மை, சந்தேகம், பொய் என்று மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். பொய் என்றால் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஆதாரத்தை எடுத்து நீட்ட வேண்டும். டிராஃபிக் பிரிவின் முதல் கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் தெறித்த கார் நிற்கிறது, உரிமையாளரைக் காணவில்லை. அங்கே கிடக்கும் துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தால் அது உயிருள்ள பன்றி வாங்கிய ரசீது. அந்த ஒரு தாள் கையில் இருக்கும்போது, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

ஒரு யோசனை: பொய் என்று அழுத்தியதும் எதிராளி எதை மறுக்கிறார் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். ஆதாரம் கையில் இல்லையென்றால் அங்கேயே பின்வாங்கிக்கொள்ளலாம், நஷ்டமில்லை. 2017 மறுவெளியீட்டில் அந்த மூன்று தேர்வுகளின் பெயர்களும் நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம்சாட்டு என மாறிவிட்டன. அது நல்ல மாற்றம். பழைய பதிப்பில் லேசாகச் சந்தேகப்பட்டாலே ஃபெல்ப்ஸ் பாய்ந்து கத்துவார்.

குறை என்ன? தடயத்துக்குப் பக்கத்தில் போனால் ஒரு பியானோ ஒலி கேட்கிறது. எல்லாம் கிடைத்துவிட்டால் பின்னணி இசை நின்றுபோகிறது. இதை செட்டிங்ஸில் நிறுத்திவிட்டு விளையாடுங்கள் என்பேன். அதைவிடப் பெரிய குறை, தவறாகக் கேள்வி கேட்டாலும் கேஸ் முன்னே நகர்ந்துவிடுகிறது என்பது. கொலைப் பிரிவில் நாம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் கதை எழுதியவர் நினைத்த இடத்தில்தான் முடியும். துப்பறிவாளராக உட்கார்ந்தவருக்கு இது நியாயமில்லை.

அந்த இடத்தில்தான் ஷேடோஸ் ஆஃப் டவுட் என்னை ஈர்க்கிறது. இது 1940கள் அல்ல. பெருநிறுவனம் ஆட்சி செய்யும் ஒரு மாற்று 1980கள். ஆனால் மழையும் புகையும் இருண்ட படிக்கட்டுகளும் பழைய நுவார், அதாவது இருண்ட குற்றப் படங்களின் உலகத்திலிருந்து நேராக வந்தவை. கட்டைக் கட்டையான உருவங்கள். முகத்தைப் படிக்க வழியே இல்லை. படிக்க வேண்டியது நகரத்தை. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் ஊரில் ஒவ்வொருவருக்கும் பெயர், வேலை, வீடு, அன்றாட வழக்கம் எல்லாம் இருக்கிறது.

ஒருவர் தன் வீட்டில் கொலையுண்டு கிடக்கிறார். கைரேகை ஸ்கேனரால் கதவுப்பிடியைப் பார்த்தால் அடையாளம் தெரியாத ஒரு ரேகை. தரையில் காலணித் தடம், அளவோடு. அடித்தளத்தில் இருக்கும் தொலைபேசி இணைப்புப் பெட்டியைத் திறந்தால் அந்த நேரத்தில் வந்த அழைப்பு எந்த முகவரியிலிருந்து என்று தெரிகிறது. அப்புறம் அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டுவதா, பூட்டை நெம்புவதா, காற்றுக் குழாய் வழியாக ஊர்ந்து போவதா என்பது நம் பாடு. கிடைத்ததையெல்லாம் பலகையில் குத்தி, நூல் கட்டி, பெயரை உறுதி செய்த பிறகு நகர மன்றத்தில் படிவம் கொடுக்க வேண்டும். எந்த இசையும் வந்து உதவாது. தாமதித்தால் கொலையாளி அடுத்தவரைத் தேடிப் போகிறான். விடாமல் துரத்தி ஒரு பெயருக்கு வந்து சேரும்போது கிடைக்கும் நிறைவை வேறு எந்தத் துப்பறியும் கேமும் எனக்குத் தந்ததில்லை.

ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இல்லை. ஏன் கொன்றார் என்பது மெல்லிய சாக்குதான். ஊர்க்காரர்கள் பேசுவதும் சீக்கிரமே திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஆகிவிடும். எல்.ஏ. நுவாரில் ஒரு விதவையின் முகம் மனதில் தங்குகிற மாதிரி இங்கே யாரும் தங்குவதில்லை.

நடுவழி தேடுபவர்களுக்கு ஃபிராக்வேர்ஸ் உருவாக்கி 2019இல் வெளிவந்த தி சிங்கிங் சிட்டி உண்டு. 1920களின் அமெரிக்கா, பாதி நீரில் மூழ்கிய ஓக்மாண்ட் நகரம். பத்திரிகை அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் ஆவணம் தேடி, வரைபடத்தில் நாமே இடம் குறிக்கும் வேலை அருமை. சண்டைக் காட்சிகள் மட்டும் சோதனை.

என் முடிவு இது. கதை வேண்டும், மாலையில் ஒரு கேஸ் முடித்துவிட்டுத் தூங்க வேண்டும் என்றால் எல்.ஏ. நுவார். மூளையைக் கசக்க வேண்டும் என்றால், யோசிக்கவே வேண்டாம், ஷேடோஸ் ஆஃப் டவுட். இரண்டையும் வாங்கப் போகிறவர்கள் எல்.ஏ. நுவாரில் தொடங்குங்கள். தனியாகத் துப்பறிந்து பழகிய பிறகு அந்தப் பியானோ ஒலியைப் பொறுத்துக்கொள்வது கடினம்.