46 வயதில் மேலாளர் பதவியா, நிரல் வேலையா?

மூன்று ஆண்டுகளுக்கு முன், 46 வயதில், மேலாளர் பதவி என்னைத் தேடி வந்தது. மதுரை இலந்தைக்குளம் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை. எட்டு மாதம் அந்தப் பதவியில் இருந்துவிட்டு, கணினி நிரல் எழுதும் வேலையையே திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மேலாளருக்குச் சம்பளம் கூடுதல், சொந்தபந்தங்களிடம் மதிப்பும் கூடுதல். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் பார்த்தது ஒன்றே: கற்றதில் பத்து ஆண்டு கழித்துக் கையில் என்ன மிஞ்சும்? மேலாளராக நான் கற்றதில் பெரும்பகுதி அந்த நிறுவனத்தைப் பற்றியது. யாரிடம் சொன்னால் காரியம் நடக்கும், எந்த வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் வாசலைத் தாண்டினால் விலைபோகாது.

நிரல் அறிவும் பழசாகிவிடும் என்பார்கள். அதில் ஒரு பாதி மாட்டுத்தாவணிச் சந்தை மல்லிகை. சாயங்காலம் காலை விலை கிடையாது. இணையப் பக்கங்கள் செய்ய நான் பாடுபட்டுக் கற்ற கருவிகளில் பிளாஷுக்கு 2020 முடிவிலும், ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு 2021 முடிவிலும் ஆதரவு நின்றுவிட்டது. மறுபாதி பழம்புளி. கணினி அறிஞர் எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த, தகவல்களை அட்டவணைகளாகச் சேமிக்கும் தரவுத்தள முறையைக் கல்லூரியில் படித்தேன். இன்றும் சோறு போடுகிறது.

சென்ற மாதம் ஓர் அறிக்கை திறக்க நாற்பது விநாடி ஆனது. "சர்வரில் மெமரியைக் கூட்டிவிடலாமா சார்?" என்றார் உடன் வேலை செய்யும் தம்பி. தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கட்டளையான வினவலைத் திறந்து பார்த்தேன். தேதியை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, ஆண்டை மட்டும் பிரித்து ஒப்பிட்டிருந்தார். அப்படி எழுதினால் வரிகளைச் சட்டென்று கண்டுபிடிக்கத் தேதிக்குப் போட்ட பட்டியலான சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் தரவுத்தளம் படித்துக்கொண்டிருக்கும். 'ஜனவரி 1 முதல் அடுத்த ஜனவரி 1க்கு முன்வரை' என்று மாற்றினோம். ஒரு விநாடிக்குள் திறந்தது. 2004இல் இதே தவறைத் தேடி ஓர் இரவு முழுக்க விழித்திருக்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த வரிகளிலும் இதை இரண்டு முறை பிடித்தேன்.

மல்லிகைப் பாதிக்குச் செலவு உண்டு. புதியதைப் படிக்கத் தினமும் விடிகாலையில் ஒரு மணி நேரம் போகிறது. அதற்கு மனமில்லாதவருக்கு இந்த வழி ஒத்துவராது. மேலாளர் வேலையைப் பற்றி நான் சொல்வது எட்டு மாத அனுபவம் மட்டுமே. பத்து ஆண்டு அதில் ஊறியவர் வேறு விதமாகச் சொல்லக்கூடும். ஆட்களை வளர்த்தெடுப்பதில் நிறைவு காண்பவருக்கு அதுவே சரியான இடம்.

என் நிறுவனத்தில் நிரல் எழுதுபவருக்கும் ஊதியம் மேலே போக வழி இருந்தது. பதவியை மறுப்பதற்கு முன் உங்கள் இடத்தில் அது உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.