ஜெல்லா, நுண்தூணா? செல்லின் இழுவிசையை அளக்க நான் தேர்ந்த வழி

செல்கள் தாம் ஒட்டியிருக்கும் தரையை இழுக்கின்றன என்பதை 1980இல் ஆல்பர்ட் ஹாரிஸ் குழுவினர் மெல்லிய சிலிக்கோன் படலத்தில் விழுந்த சுருக்கங்களைக் கொண்டு காட்டினார்கள். சுருக்கத்தை எண்ணாக மாற்றுவதுதான் பாடு. இன்று அதற்குக் கைகொடுப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: ஒளிரும் நுண்மணிகள் பதித்த பாலிஅக்ரிலமைடு ஜெல், பிடிஎம்எஸ் என்ற ரப்பர் போன்ற சிலிக்கோனில் வார்த்த நுண்தூண்கள். ஒன்றில் மணி நகரும், மற்றதில் தூண் வளையும். இரண்டிலும் உழைத்துப் பார்த்துவிட்டுத் தூண் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஜெல் மோசமில்லை. மலிவு, கலவையை மாற்றினால் விறைப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். செல்லுக்கும் இடைவெளியில்லாத தரை கிடைக்கிறது.

என்னை விரட்டியது ஓய்வுநிலைப் படம். மணி எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல, செல் இழுக்காதபோது அது எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்காகக் கடைசியில் டிரிப்சின் என்ற, பிடிப்பை அறுக்கும் நொதியை விட்டு செல்லைக் கழற்றி, அதே இடத்தை மறுபடி படமெடுக்க வேண்டும். ஒருமுறை விடிய விடியப் படமெடுத்த தட்டில் டிரிப்சின் விடும்போது பிபெட் முனை விளிம்பில் இடித்துவிட்டது. தட்டு அரை மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். அந்த இடம் மறுபடி அகப்படவே இல்லை. படங்களில் செல் அழகாக ஊர்கிறது, விசைதான் இல்லை. கழற்றிய செல்லுக்குப் பிறகு சாயமேற்றிப் பார்க்கவும் வழியில்லை.

தூண்கள் சம இடைவெளியில் நிற்பவை. வளையாத அண்டைத் தூண்களை வைத்தே வளைந்த தூணின் பழைய இடத்தைக் குறித்துவிடலாம். செல்லை அப்படியே பதப்படுத்தி, சாயமேற்றி, மறுநாள் நிதானமாக அளக்கலாம். கணக்கும் எளிது: 2 மைக்ரான் விட்டம், 6 மைக்ரான் உயரம், சிலிக்கோனின் விறைப்பு 2 மெகாபாஸ்கல் என்றால் தூண் நுனி 1 மைக்ரான் வளைய சுமார் 22 நானோநியூட்டன் வேண்டும். ஆனால் இந்தக் கணக்கில் விட்டம் நான்காம் அடுக்கில் (தன்னையே நான்கு முறை பெருக்கி) வருகிறது. அதைப் 10 சதவீதம் கூட்டி அளந்துவிட்டால் விசை 46 சதவீதம் கூடிவிடும். எனவே ஒவ்வொரு வார்ப்பிலும் விட்டத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் சரிபார்க்கிறேன்.

தூணுக்கும் தொல்லை உண்டு. காயவிட்டால் நீரின் பரப்பு இழுவிசையில் தூண்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும்; எத்தனாலிலிருந்து நேரே செல் வளர்க்கும் ஊடகத்துக்கு, காயாமல் மாற்ற வேண்டும். நுனிகளில் மட்டும் கால் பதிக்கும் செல் சமதரையில் நடப்பதுபோலவே நடந்துகொள்கிறதா என்பதும் நியாயமான கேள்வி. நான் வளர்த்தவை பலமாக இழுக்கும் ஃபைப்ரோபிளாஸ்டுகள் (இணைப்புத் திசுச் செல்கள்) மட்டுமே. நரம்புச் செல்போல மென்மையாக இழுப்பவற்றுக்கு ஜெல்லைத்தான் முதலில் முயல்வேன்.